மேட்டூர் அணை இன்று எத்தனை அடி? அந்த எண்ணைப் படிப்பது எப்படி

ஜூன் பிறந்தால் டெல்டா மாவட்டங்களில் நாளிதழைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைத்தான். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. நான்கு எண்கள். ஆனால் பேச்சில் நிற்பது முதல் எண் மட்டும். "நூறைத் தாண்டிடுச்சாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த ஆண்டு விவசாயம் கரை சேர்ந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி பரவும். நான்கில் மிகக் குறைவாக விஷயம் சொல்வது அந்த முதல் எண்தான் என்பது என் கட்சி. மற்ற மூன்றையும், அன்றைய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கிறது.

முதலில் அளவுகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி. இது அணைக்குள் நிற்கும் நீரின் அளவு. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓடும் நீரின் வேகம். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் ஒரு டிஎம்சி. ஆகவே 12,000 கன அடி திறக்கிறார்கள் என்றால் நாளொன்றுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் போகிறது என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். வெள்ளக் காலத்தில் ஒரு லட்சம் கன அடி வருகிறது என்றால் நாளுக்கு 8.64 டிஎம்சி. செய்தித் தலைப்புகளில் 'வினாடிக்கு' என்ற சொல் விழுந்துவிடுவதால், "அணைக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீர் வந்தது" என்று மொத்த அளவைச் சொல்வது போல ஆகிவிடுகிறது. ஒரு லட்சம் கன அடி மொத்தமே என்றால் அது ஊர்க் குட்டைக்குக்கூடக் காணாது.

அடுத்தது அடிக் கணக்கு. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. அணையின் உயரமே அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அடித்தளத்திலிருந்து அணையின் உயரம் 214 அடி. 120 என்பது நீரைத் தேக்கும் கணக்குக்காக வைத்த அளவுகோலின் உச்சி. கடல் மட்டத்திலிருந்து அது 790 அடி. அந்த 120 அடி நிரம்பினால் உள்ளே இருப்பது 93.47 டிஎம்சி. 100 அடியில் இருப்பு சுமார் 65 டிஎம்சி. 60 அடியில், அதாவது சரிபாதி உயரத்தில், 25 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கும். 40 அடியில் 12 டிஎம்சி.

பாதி உயரத்தில் கால்பங்கு தண்ணீர்தான். காரணம் எளிது. நீர்த்தேக்கம் இரு பக்கமும் மலை நெருக்கும் ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது; அடி ஒடுங்கி வாய் அகன்ற சட்டி மாதிரி. முழு மட்டத்தில் நீர் பரவும் பரப்பு 59.25 சதுர மைல், ஏறக்குறைய 153 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பில் ஓர் அடி நீர் என்றால் 1.65 டிஎம்சி. கீழே 30 அடிக்கும் 40 அடிக்கும் இடையில் ஓர் அடிக்கு 0.4 டிஎம்சியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மேலே ஓர் அடி குறைவது கீழே நான்கு அடி குறைவதற்குச் சமம்.

இதனால் நாளிதழ் வாசகருக்கு நேரும் குழப்பம் ஒன்று உண்டு. ஜூலையில் அணை ஒரே நாளில் ஐந்து அடி, ஆறு அடி என்று துள்ளி ஏறும். 110 அடியைக் கடந்ததும் மெதுவாகிவிடும். நீர்வரத்து குறைந்துவிட்டது, மேலே யாரோ மடையை மூடிவிட்டார்கள் என்று பேச்சு எழும். நீர்வரத்து அப்படியேகூட இருக்கலாம், பரப்புதான் அகன்றுவிட்டது. 35 அடி மட்டத்தில் ஒரு நாளில் ஓர் அடி உயர, திறப்பு போக வினாடிக்கு 5,000 கன அடி மிஞ்சினால் போதும். 119இலிருந்து 120 ஆக 19,000 கன அடி மிஞ்ச வேண்டும்.

நீர்வரத்து என்ற எண் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். நீர்த்தேக்கத்துக்குள் நாலாபுறமும் இறங்கும் நீரை நேரடியாக அளக்க வழியில்லை. நேற்றுக் காலை இருப்பையும் இன்று காலை இருப்பையும் ஒப்பிட்டு, இடையில் திறந்துவிட்டதைக் கூட்டி, ஆவியானதைச் சேர்த்தால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆவி என்பது சும்மா ஒப்புக்குச் சொல்லும் கணக்கல்ல. நிரம்பிய அணையில் ஒரு நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், அது வினாடிக்கு 300 கன அடி வெளியேறுவதற்குச் சமம். மாதத்துக்கு 0.8 டிஎம்சி.

ஆற்றில் வரும் நீரை அளக்கும் இடம் மேலே இருக்கிறது. கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. அதைத் தாண்டித்தான் ஒகேனக்கல், பிறகு மேட்டூர். பிலிகுண்டுலு எண்ணும் மேட்டூர் எண்ணும் ஒரே நாளில் ஒத்துப்போகாது. தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்கிறது என்பது ஒரு காரணம். இடையில் சின்னாறு, தொப்பையாறு, கர்நாடக மலைகளிலிருந்து இறங்கும் சிறிய பாலாறு ஆகியவை சேர்வது இன்னொன்று. நல்ல இடிமழை பெய்த மறுநாள் பிலிகுண்டுலுவைவிட மேட்டூரில் கூடுதலாகக் காட்டும். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரு மாநிலத்திலும் வாதம் செய்வோர் உண்டு.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். மேட்டூருக்கு வரும் நீரில் பெரும்பங்கு குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை தருவது. அந்த மழைக்கும் மேட்டூருக்கும் நடுவில் நான்கு அணைகள் நிற்கின்றன. கிருஷ்ணராஜசாகர் 49.45 டிஎம்சி, ஹேமாவதி 37.1, கபினி 19.52, ஹாரங்கி 8.5. மொத்தம் 114.57 டிஎம்சி, மேட்டூரைவிடப் பெரிது. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டு, 1925இல் மேட்டூரில் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று அன்றைய ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தபோது, மேலே இருந்த பெரிய அணை கிருஷ்ணராஜசாகர் ஒன்றுதான். மற்ற மூன்றும் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்தவை. ஆக, மேட்டூரை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த காவிரி வேறு, இன்று அதற்குள் வந்து விழும் காவிரி வேறு.

மேலே உள்ள அணைகள் நிரம்பும்வரை கீழே வருவது திறந்துவிடுவது மட்டும்தான். நிரம்பிய பிறகு அடக்க முடியாமல் வழிவதெல்லாம் வரும். கபினி சிறிய அணை. வயநாட்டில் மழை வலுத்தால் முதலில் நிரம்புவதும் அதுதான். ஆகவே ஜூன் கடைசியில் மேட்டூரின் கதி என்ன என்று அறிய விரும்புகிறவர், மேட்டூர் எண்ணைவிடக் கபினியில் இன்னும் எத்தனை டிஎம்சிக்கு இடம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று நாளில் வரப்போவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

மழையோடு சட்டக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி என்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. மாதவாரிப் பங்கீட்டைப் பாருங்கள்: ஜூனில் 9.19 டிஎம்சி, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22. பிறகு சரிந்து, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 மட்டும். இந்த 177.25 சாதாரண ஆண்டுக்கான எண். பற்றாக்குறை ஆண்டில் குறைவையும் விகிதப்படி பகிர வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறைவு, எந்தத் தேதியில் கணக்கு என்பதில்தான் ஒவ்வொரு முறையும் காவிரி ஒழுங்காற்றுக் குழுவிலும் மேலாண்மை ஆணையத்திலும் இழுபறி.

ஜூன் மாதப் பங்கு 9.19 டிஎம்சிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அணையை டெல்டாவுக்குத் திறக்கும் மரபுத் தேதி ஜூன் 12. மூடும் தேதி ஜனவரி 28. திறந்ததும் நாளுக்கு ஒரு டிஎம்சி போகத் தொடங்கும். அப்படியானால் ஜூன் மாதப் பங்கு முழுதாக வந்தாலும் பத்து நாளைக்குக்கூடப் போதாது. ஜூனில் திறக்கும் தண்ணீர் அந்த ஆண்டு மழையின் தண்ணீர் அல்ல. முந்தைய ஆண்டின் மிச்சம். 90 அடிக்கு மேல் இருந்தால்தான் குறித்த நாளில் திறக்கலாம் என்று டெல்டாவில் பொதுவாகச் சொல்வது இதனால்தான். சுமார் 50 டிஎம்சி கையில் இருந்தால் ஜூலைக் கடைசி வரை ஓட்டிவிடலாம்; அதற்குள் பருவமழைத் தண்ணீர் வந்து சேரும் என்பது அந்தக் கணக்கின் நம்பிக்கை.

ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவின் தேவை சுமார் 330 டிஎம்சி என்று பாசனத் துறை சொல்லிவருகிறது. அணையின் கொள்ளளவைப் போல் மூன்றரை மடங்கு. இதிலிருந்தே தெரியும், அணை ஒருமுறை நிரம்பி நின்றால் போதாது. வரவும் செலவுமாக அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் வடகிழக்குப் பருவமழையும், பவானி, அமராவதி ஆறுகளும், நிலத்தடி நீரும் கை கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023, 2024 இரண்டு ஆண்டுகளைப் போல் தெளிவான பாடம் வேறு இல்லை. 2023 ஜூன் 12 அன்று நீர்மட்டம் 103 அடியை ஒட்டி இருந்தது. நூறுக்கு மேல்! திறப்பில் தயக்கமே இல்லை. ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவைக்கு நாற்று விட்டார்கள், நேரடியாக விதைத்தார்கள். அந்த ஆண்டு எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி நம் பருவமழையை நலிவிக்கும் நிலை; இந்தியா முழுதும் ஆகஸ்ட் மாதம் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாகக் கழிந்தது. கர்நாடக அணைகளும் நிரம்பவில்லை. செப்டம்பரில் 15 நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி, பிறகு 3,000 கன அடி திறக்கச் சொன்னதற்கே பெங்களூருவிலும் கர்நாடகம் முழுதும் முழு அடைப்புகள் நடந்தன. 3,000 கன அடி என்பது நாளுக்கு கால் டிஎம்சி. டெல்டாவுக்கு அது கண்ணில் காட்டும் தண்ணீர்தான். அக்டோபர் 10 அன்று மேட்டூரில் பாசனத் திறப்பை நிறுத்தினார்கள். மட்டம் 31 அடி. நான்கு மாதத்தில் 72 அடி இறங்கியிருந்தது. 103 அடி என்ற எண் ஜூனில் தந்த தைரியத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அது தொடக்க முதல் மட்டும்தான். வரவு இல்லாத முதல் எத்தனை நாள் தாங்கும்?

அதன் விளைவு அடுத்த ஆண்டு ஜூனில் வந்து நின்றது. 2024 ஜூன் 12 அன்று மட்டம் 43 அடி அளவில். திறக்க வழியே இல்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் பம்புசெட்டை நம்பிக் குறுவை நட்டார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் மட்டம் 40 அடிக்கும் வந்தது. பிறகு வயநாட்டிலும் குடகிலும் கொட்டித் தீர்த்த மழையில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் வழிந்து, ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. 80 டிஎம்சிக்கு மேல் ஒரே மாதத்தில், அதிலும் பெரும்பகுதி கடைசி இரண்டு வாரத்தில் வந்தது. டெல்டாவுக்குத் திறந்தது ஜூலை 28. குறுவைக்கு நாள் கடந்துவிட்டது. அணையும் நிரம்பி, கொள்ளிடத்தில் கடலுக்கும் போன ஆண்டில்தான் ஆற்றுப் பாசனக் குறுவை இல்லாமல் போனது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பற்றாக்குறை ஆண்டாகவே தெரியாது.

2024 டிசம்பர் 31 அன்று அணை மறுபடி நிரம்பியது. வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் நன்றாகப் பெய்தால் அங்கே தண்ணீர் வேண்டாம் என்பார்கள். மேட்டூரில் திறப்பைக் குறைப்பார்கள். உள்ளூர் மழையும் சேர்ந்து மட்டம் ஏறும். இந்த ஏற்றத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. ஆனால் அடுத்த ஜூனுக்கு உதவுவது இந்தத் தண்ணீர்தான். 2025 ஜூன் 12 அன்று மட்டம் 114 அடிக்கு மேல் இருந்ததற்கு அந்த டிசம்பர் மிச்சம் ஒரு காரணம். மே 24இலேயே கேரளத்தைத் தொட்ட பருவமழை இன்னொன்று. ஜூன் 29 அன்றே 120 ஆனது. ஒரு விதத்தில், வரும் ஜூனைப் பற்றி அறிய நாம் பார்க்க வேண்டிய எண் ஜனவரி 28 அன்று அணை மூடும்போது உள்ள இருப்புதான். அதற்குப் பிறகு கோடை முழுதும் குடிநீருக்கென்று சில நூறு கன அடியிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை திறந்துகொண்டே இருக்க வேண்டும். கரையோர மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அணை நிரம்பினால் கதையே வேறு. திறக்கும் நீர் முதலில் மின்நிலையங்கள் வழியாகப் போகிறது: அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். அவற்றின் வழியே அதிகபட்சம் 22,000 கன அடி அளவில்தான் விட முடியும். அதற்கு மேல் வருவது பக்கத்தில் உள்ள 16 கண் மதகு வழியாக உபரியாக வெளியேறும். மதகுகள் தூக்கியதும் பாலத்தில் கூட்டம் கூடும், படம் எடுப்பார்கள். கீழே குமாரபாளையம், பவானி, பள்ளிபாளையத்தில் கரையோரம் குடியிருப்போர் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போவார்கள். இது வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை அல்ல. நிரம்பிய பின் வருவதை அப்படியே விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. உபரியைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றிவிட 565 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் நாளுக்கு எட்டு டிஎம்சி ஓடும் வெள்ளத்தில் பம்பு வைத்து எடுப்பது எவ்வளவு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மட்டம் இறங்கும்போது வேறொரு ஊர் வெளியே வருகிறது. பண்ணவாடி பரிசல் துறையில் நின்றால், அணைக்காக 1930களில் மூழ்கிய ஊரின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் நீருக்கு மேல் எழும்புவதைப் பார்க்கலாம். பார்க்க வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. அக்கரை நாகமறைக்குப் படகில் போகிறவர்களுக்கு, வழக்கமான துறையை விட்டுச் சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டும் என்று பொருள். நீர் வடிந்த நிலத்தில் சோளமும் நிலக்கடலையும் விதைப்பவர்களும் உண்டு. மழை தள்ளிப்போனால் அவர்களுக்கு அறுவடை. டெல்டாவில் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கும் கடைமடைக்காரர் வேண்டும் வெள்ளம் அவர்கள் பயிரை மூழ்கடிக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதியின் கரையோரங்களில் தண்ணீர் பச்சை நிறமாகத் திரிந்து நாற்றம் எடுப்பது அண்மை ஆண்டுகளில் வாடிக்கையாகிவிட்டது.

மட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேட்டூரில் திறந்தது மாயனூர், முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி என்னும் சிறு கால்வாயாகி, நாகப்பட்டினத்துக் கடைசி வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் முடிய வேண்டிய தூர்வாரும் வேலை, தண்ணீர் திறந்த பின்னும் நடந்துகொண்டிருந்தால் அந்த வயலில் மட்டம் 120 என்றாலும் ஒன்றுதான், 90 என்றாலும் ஒன்றுதான்.

கடைசியாக, 93.47 டிஎம்சி என்ற எண். அது அணை கட்டிய காலத்துக் கொள்ளளவு. தொண்ணூறு ஆண்டுகளாகக் காவிரி மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. பருமணல் ஒகேனக்கல் பக்கமாக நீர்த்தேக்கத்தின் தலைப்பிலேயே தங்கிவிடும். நுண்ணிய வண்டல் அணைவரை வந்து அடியில் படியும். பவானிசாகரில் சேற்றுக்கென்று 15 அடியைக் கழித்து 105 அடி என்று கணக்குச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. மேட்டூரில் 2017இல் விவசாயிகள் வண்டல் எடுக்க அனுமதித்தார்கள். கரையோரம் காய்ந்த இடத்தில் லாரி போகும் தூரம் வரைதான் அது நடக்கும், ஆழத்தில் படிந்ததைத் தொடாது. முழு அணையில் ஐந்து, பத்து டிஎம்சி வண்டலாக இருந்தால் விகிதத்தில் அது சிறிய பிழை. 40 அடியில் 12 டிஎம்சி என்று கணக்குப் போடும்போது அதே வண்டல் கணக்கையே கவிழ்த்துவிடும். பாசனத் திறப்பைத் தொடரலாமா, குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்ற முடிவுகள் எல்லாம் இந்தக் கீழ் 30, 40 அடியை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன.